கீழே இறங்கச் சொன்னவர்

விரலில் மாட்டியிருந்த கிளிப் எண்பத்தொன்பது என்று காட்டியது. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"இதுக்குப் போயி இப்படி முழிக்கிற? மேல இருக்கையில எங்க எல்லாருக்குமே எண்பதுதான். எண்பதுல மூட்டை தூக்கியிருக்கோம், எண்பதுல உக்காந்து சீட்டு விளையாடியிருக்கோம்" என்றார்.

மேல என்று அவர் சொல்வது பனிமலையை. பட்டாளத்தில் இருந்த காலத்தில் இரண்டு தடவை அந்த உச்சிக்குப் போய்த் திரும்பி வந்தவர். இரண்டு தடவையும் நான் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஓய்வு பெற்றுச் சுருளிப்பட்டிக்கு வந்து திராட்சைப் பந்தல் போட்டு இத்தனை வருசம் ஆகியும், எந்தப் பேச்சை எடுத்தாலும் அது அந்தப் பனியில் போய்த்தான் நிற்கும். மார்கழிக் குளிரில் நான் போர்வை தேடினால் சிரிப்பார். எனக்கு மூச்சு வாங்கினால் சிரிப்பார். இப்போது தன் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததற்கும் அதே சிரிப்பு.

கொரோனா இரண்டாவது தடவை வந்து ஊரை உலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவருக்கு அது எங்கே தொற்றியது என்று எனக்குத் தெரியும். தேனியில் பழைய பட்டாளத்துக்காரர்களுக்கான கேண்டீன் வரிசையில்தான். ஊரடங்கில் கடையெல்லாம் சாத்தியிருந்தபோது எங்கள் வீட்டுக்கு இருந்த மரியாதை சொல்லி முடியாது. கல்யாணம் காட்சிக்குக்கூட எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் "மிலிட்டரி அண்ணன் நல்லா இருக்காகளா" என்று விசாரித்து வந்தது. விசாரிப்பு அண்ணனைப் பற்றியா, அண்ணனுடைய ரம் கோட்டாவைப் பற்றியா என்று தெரியாத அளவுக்கு நான் ஒன்றும் வெகுளி இல்லை. போகாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அங்கே தரையில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு ஆளாக நிற்கச் சொல்லியிருந்தார்களாம். மற்ற ஜனங்கள் மாதிரி இல்லை, இவர்கள் கோடு போட்டால் கோட்டில் நிற்பவர்கள். ஆனால் இவருக்கு மூன்று வட்டத்துக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். பனிமலையில் இவரோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர். கடமலைக்குண்டுக்காரர். அப்புறம் வட்டமாவது சதுரமாவது? கட்டிப் பிடித்து, முதுகில் அடித்து, பக்கத்துக் கடையில் ஒரே இலையில் பரோட்டா தின்றுவிட்டுத்தான் பிரிந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதை அவ்வளவு சந்தோசமாகச் சொன்னார்.

அந்தக் கடமலைக்குண்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அந்த உறவை வைத்து இவருக்கு அவர் மச்சான், அவருக்கு இவர் மாப்ள. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நாங்கள் சுருளி வேலப்பரைக் கும்பிடுகிறவர்கள். பட்டாளத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. மனைவி தவறிப்போய்த் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகள் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள்.

காய்ச்சல் வந்த அன்றே என் வீட்டுக்காரர் பின்கட்டு அறைக்குக் குடிபோய்விட்டார். கட்டிலையும் தன் கறுப்பு ட்ரங்குப் பெட்டியையும் தானே இழுத்துப் போட்டார். திராட்சைக்கு மருந்தடிக்க மயில்துத்தத்தோடு கலக்க வாங்கிய சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. அதைக் கரைத்து வாசல்படிக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு போட்டார்.

"இதுதான் எல்.ஓ.சி., எல்லைக்கோடு. இதத் தாண்டி நீ வரப்படாது. சோத்த இங்கன வச்சிட்டுப் பின்னால போயிரணும்" என்றார்.

நானும் வைத்தேன். கஞ்சி, கபசுரக் குடிநீர், மாத்திரை எல்லாம் கோட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பேன். காய்ச்சலோடும் தினமும் சவரம் செய்தார். படுக்கையை மடித்து வைத்தார். அதைப் பார்த்து எனக்குத் தைரியமாகக்கூட இருந்தது. காய்ச்சலும் விட்டது. பிழைத்தோம் என்று நினைத்த நேரத்தில்தான் காய்ச்சல் முகாமிலிருந்து வந்த நர்ஸ் பிள்ளை அந்தக் கிளிப்பை அவர் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனாலே ஆஸ்பத்திரிதான். ஐயாவுக்கு எண்பத்தொம்போது. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க. அதுவரைக்கும் குப்புறப் படுக்கச் சொல்லுங்க" என்றாள். கிளிப்பையும் எங்களிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அதற்குத்தான் அவர் சிரித்தார்.

நான் கெஞ்சினேன். திட்டினேன். என் கோபம் ஊரறிந்த கோபம், அவருக்கு மட்டும் அது பழகிப்போன கோபம். "காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசிக்குது. ஆஸ்பத்திரியில போயி என்னன்னு சொல்லச் சொல்ற? பட்டாளத்துல சும்மா சும்மா ஒடம்பு சரியில்லைன்னு சிக் ரிப்போர்ட் குடுக்கிறவன என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாக தெரியுமா? அந்தப் பேர நான் ஒரு நாளும் வாங்குனதில்லை" என்றார்.

மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். மகனிடமும் அதையே சொன்னார். நர்ஸ் பிள்ளையை மறுபடி வரவழைத்தேன். "நீ சின்னப் பிள்ளை ஆத்தா. இந்த மிசினு கீழ இருக்கிறவங்களுக்காகச் செஞ்சது. எங்க ஒடம்பு வேற" என்று அவளுக்கே பாடம் எடுத்து அனுப்பினார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அந்த உயரத்தில் அந்த எண்ணோடு அவர் உண்மையிலேயே நடமாடியிருக்கிறார். தனக்கு ஒன்றும் இல்லை என்று முழு மனசோடு நம்பினார். நம்புகிற மனுசனை என்ன சொல்லி அசைப்பது?

மறுநாள் மத்தியானம் சோற்றைக் கோட்டில் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு பாதி சவரம் செய்திருந்தது. மறுபாதியில் சோப்பு நுரை காய்ந்து போயிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்த மாதிரி ரேசரைக் கழுவி வைத்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"கிளிப்பை மாட்டுங்க" என்றேன். மாட்டிக் காட்டினார். எண்பத்திரண்டு. "ஏறி எறங்கும். விடு" என்றார். குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்து வண்டி வந்தாலும் இவர் ஏற வேண்டுமே. இவரைப் பேசி ஏற்றக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். கடமலைக்குண்டுக்குப் போன் அடித்தேன்.

அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். இடையில் இருமினார். "என்னண்ணே இருமுறீக?" என்றேன். "பீடி இருமல் தங்கச்சி, அத விடு. நான் சொல்றதக் கேளு" என்றார்.

"மேல எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்ருவாக. காத்து குறைஞ்சா மொதல்ல மூளைதான் மந்தமாகும். ஆனா அவனுக்கு அது தெரியாது. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான். அதனால அவன் நல்லா இருக்கானா இல்லையான்னு அவன் சொல்லப்படாது. ஜோடிதான் சொல்லணும். தெனம் சாயங்காலம் ஒருத்தன ஒருத்தன் நம்பர் கேப்போம். பட்டாளத்து நம்பர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒரு சிப்பாய்க்கு அது மறக்காது. அது தடுமாறுனா ஆள் சரியில்லைன்னு அர்த்தம். அப்புறம் அவன்கிட்டப் பேச்சே கெடையாது. கட்டித் தூக்கியாவது கீழ எறக்கிருவோம். கீழ எறங்குறதுதான் மருந்து. நீ போயி அவன நம்பர் கேளு."

போனைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டருகில் போய் நின்றேன். "உங்க நம்பர் சொல்லுங்க" என்றேன்.

"எந்த நம்பரு?"

"பட்டாளத்து நம்பர்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்போதும் அதை இந்தியில்தான் சொல்வார். முதல் பாதி கடகடவென்று வந்தது. பிறகு நின்றது. கண்ணைச் சுருக்கினார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்று, ஏதோ பிடிபட்ட மாதிரி மிச்சத்தையும் சொல்லி முடித்தார். "போதுமா?" என்று கேட்டுப் பெருமையாகச் சிரித்தார்.

அவர் உட்கார்ந்திருந்த பெட்டியின் முகப்பில், அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில், வெள்ளைப் பெயிண்டில் அவரே எழுதிய அந்த நம்பர் இருந்தது. எத்தனையோ ஊருக்கு ரயிலில் அந்தப் பெட்டியோடு போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை எழுத்தெழுத்தாகப் படித்தேன். பின்பாதியில் அவர் சொன்னது எங்கள் வீட்டுப் பழைய லேண்ட்லைன் நம்பரின் கடைசி எண்கள்.

இவர் செத்துப்போவார், சிரித்துக்கொண்டே செத்துப்போவார் என்று அந்த நிமிசம் தெரிந்தது.

"தப்பாச் சொல்றாக அண்ணே" என்றேன் போனில்.

"அப்ப கீழ எறக்கு தங்கச்சி."

"எங்கண்ணே எறக்குவேன்?" என்று கத்திவிட்டேன். சுற்றிலும் மலை. நாங்கள் இருப்பதே பள்ளத்தாக்கின் அடியில். இதற்குக் கீழே எங்கே போவது?

"தேனிக்குக் கொண்டு போ. பெரியாஸ்பத்திரிக்கு. அங்கன காத்து இருக்கு. அவன் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். போன் வைக்கிற சத்தம் கேட்டது.

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினேன். "ஏய், வராத!" என்று கை நீட்டினார். அந்தக் கையைத்தான் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் திராட்சை ஏற்றுகிற குட்டியானை வண்டி இருந்தது. வாசலில் நின்று கேட்டேன். அவர் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றார். நியாயம்தான், ஆனால் எனக்கு அன்றைக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. "எங்க வீட்டு பாட்டில் மட்டும் பயமில்லாம எறங்குச்சோ?" என்று தெருவே கேட்கும்படி கேட்டேன். உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். "முன் சீட்டு வேணாம் மதினி. பின்னால ஏறிக்கிருங்க" என்றார். அந்த மனுசர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பிறகு போய் மன்னிப்பும் கேட்டேன்.

காலி திராட்சைப் பெட்டிகளை ஒதுக்கிப் பாயை விரித்துக் குப்புறப் படுக்க வைத்தோம். படுக்க மாட்டேன் என்றார். கம்பம் தாண்டும் வரை நான் அவர் முதுகில் கை வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன். சிக்னலில் வண்டி நின்றபோது திடீரென்று எழுந்து பின்கதவுக் கொக்கியை எடுக்கப் போனார்.

"எங்க போறோம்?"

"கீழ எறங்குறோம்."

"யாரு ஆர்டரு?"

"உங்க மச்சான். உங்க ஜோடி சொல்லிட்டாக."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் யாரென்று அப்போது அவருக்குத் தெரிந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டார். தானாகவே திரும்பிக் குப்புறப் படுத்துக்கொண்டார். உத்தமபாளையம், சின்னமனூர் என்று முல்லையாறு போகிற திசையிலேயே ரோடும் போனது. ஆறு கீழ்நோக்கித்தானே ஓடும், நான் சொன்னது ஒன்றும் பொய்யில்லை என்று என்னவோ அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கிளிப்பைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குடும்பம் இருந்தது. ஒரு டாக்டர் பெண், என் மகள் வயது இருக்கும், வண்டி வண்டியாக ஏறிப் பார்த்துக்கொண்டே வந்தவள், இவர் விரலைப் பார்த்ததும் ஆள் விட்டு ஸ்ட்ரெச்சர் எடுக்கச் சொன்னாள். "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்றாள். பனிமலையைப் பற்றி அவளிடம் எங்கே ஆரம்பிப்பது?

உள்ளே என்னை விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் என்னை மாதிரி நிறையப் பெண்கள் இருந்தார்கள். யார் போன் அடித்தாலும் எல்லாரும் தங்கள் போனைப் பார்ப்போம். உள்ளே இருந்து யாராவது வெளியே வந்து ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அத்தனை பேர் நெஞ்சும் நின்று, அந்தப் பேர்க்காரி மட்டும் எழுந்து போவாள். போனவள் போடுகிற சத்தத்தில் மற்றவர்கள் மூச்சு விடுவோம். அப்படி மூச்சு விட்டதற்காக என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கும்.

நாள்தோறும் ஒரு தடவை நர்ஸ் அவர் காதில் போனை வைப்பார். வேறு எதுவும் கேட்க மாட்டேன். "உங்க நம்பர் சொல்லுங்க" என்பேன். எனக்கு அது இப்போது மனப்பாடம். முதலில் வெறும் காற்றுச் சத்தம்தான் வந்தது. பிறகு பாதி. பிறகு முக்கால். சாயங்காலம் ஆனால் கடமலைக்குண்டு அண்ணன் போன் செய்வார். "இன்னைக்குச் சொன்னானா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எவ்வளவு தூரம் சொன்னார் என்று சொல்வேன். "வரட்டும், வரட்டும்" என்பார். அதற்கு மேல் பேச்சை வளர்க்க மாட்டார்.

ஒரு நாள் காலையில் முழுசாக வந்தது. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் ஒரு எண் பிசகாமல் கடைசியில் வரும் இங்கிலீஷ் எழுத்துவரை சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவள் என்னவோ ஏதோ என்று என்னைத் தாங்கிப் பிடித்தாள். சாயங்காலம் வரை பொறுக்க முடியாமல் நானே அண்ணனுக்கு அடித்தேன்.

"முழுசாச் சொல்லிட்டாக அண்ணே."

"அப்ப... எறங்கிட்டான் தங்கச்சி" என்றார். சிரித்தார். இருமினார். "மாதா காப்பாத்திட்டா" என்றார்.

மறுநாள் அண்ணன் போன் செய்யவில்லை. அதற்கு மறுநாள் அவர் நம்பரிலிருந்தே போன் வந்தது. எடுத்தால் அவர் மகள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். முந்தின நாள் மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். பால் ஊற்ற வந்தவர்தான் பார்த்திருக்கிறார். மடியில் போன் கிடந்ததாம்.

"காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லலை அத்தை. தெனம் பேசுனேன். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான் சொன்னாக" என்றாள்.

அந்த மனுசர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். கேண்டீன் வரிசையில் இவரைக் கட்டிப் பிடித்த அதே ஆள், ஒரே இலையில் தின்ற அதே ஆள். நல்லா இருக்கேன் என்று சொல்கிறவனை நம்பாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வாயால் அதையே சொல்லியிருக்கிறார். நினைத்தால் பொங்கிக்கொண்டு வருகிறது, அப்புறம் அழுகைதான்.

இவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நுரையீரல் தேறட்டும் என்றார்கள் டாக்டர்கள். வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, "மச்சான் பேசுனானா?" என்றார். "போன் ரிப்பேராம்" என்றேன். சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பின்கட்டு அறையில் இப்போது ஆக்ஸிஜன் மிசின் ஓடுகிறது. சுண்ணாம்புக் கோட்டை நான் தேய்த்துக் கழுவியும் மங்கலாகத் தெரிகிறது. பனிமலை ஏறிய மனுசரால் பந்தலின் மறுகோடி வரை நடக்க முடியவில்லை. பாதி வழியில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். அதில் உட்காரும்போதெல்லாம் கொத்தைப் பார்க்கிற மாதிரி, கொடியைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்வார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். மேல இருந்த கதையை அவர் இப்போது எடுப்பதே இல்லை.

சாயங்காலம் ஆனால் நம்பர் கேட்பேன். டாக்டர் சொல்லி அல்ல, பழகிவிட்டது. முதல் இரண்டு நாள் முறைத்தார். பிறகு அவரே அந்த நேரத்துக்குப் பெட்டி மேல் வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒரு நாள் அப்படித்தான் கேட்டேன். மூக்கில் குழாயோடு, நிதானமாக, தன் நம்பரை முழுசாகச் சொன்னார். சரி என்று நான் எழுந்தேன். அவர் நிறுத்தவில்லை. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு இன்னொரு நம்பர் சொன்னார். இந்தியில், அதே மாதிரி, தடுமாறாமல். நான் கேட்டறியாத நம்பர். யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருக்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் போனது எத்தனை நாளாகத் தெரியுமோ.

"அவன் நம்பர யாரு கேட்டா?" என்றார்.

"யாரும் கேக்கலைங்க" என்றேன்.